நான் அளக்காத ஆறு கிணறுகள்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, படிக்க ஏதுவாகச் சுருக்கித் திருத்தியது.)

பின்னாடி லாரி சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நான் பேசறது சோழவரத்துல இருந்து. ஜிஎன்டி ரோட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ரெண்டே தெருதான். ராத்திரி பதினோரு மணிக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கன்டெய்னர் வண்டி போய்க்கிட்டே இருக்கும்.

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் ஆராய்ச்சி இதழ்கள். அதாவது ஜர்னல். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதறவங்க, அதைப் படிச்சு மதிப்பிடறவங்க, வெளியிடறவங்க, இவங்களுக்கெல்லாம் என்ன பொறுப்பு இருக்கு? "நமக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்"னு நீங்க ஸ்கிப் பண்றதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்லிடறேன். கதை என்னைப் பத்தினது. எனக்குப் பெருமை தர்ற கதை இல்ல.

"எங்க வீட்டுக்கு எப்ப வந்து தண்ணி எடுத்த?"

2016-ல நான் எம்.இ. கடைசி வருஷம். சுற்றுச்சூழல் பொறியியல். புராஜெக்ட்டுக்கு எங்க ஊர் நிலத்தடி நீரையே எடுத்துக்கிட்டேன். சோழவரம், காரனோடை, பஞ்செட்டி வரைக்கும் 24 கிணறு, போர்வெல். ஒவ்வொண்ணுலயும் தண்ணி எடுத்து உப்பு எவ்வளவு, குளோரைடு எவ்வளவுன்னு பார்க்கணும். நல்ல தலைப்புதான். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில கடல் நீர் உள்ள வந்தது பல வருஷமா ஆய்வாளர்கள் பதிவு செஞ்சுக்கிட்டு வர்ற விஷயம். அதனால இங்க தண்ணி எந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு யாராவது அளந்து வச்சா அது ஊருக்கே உபயோகம்.

நான் 18 கிணறு அளந்தேன். மீதி ஆறு கிணத்துக்குப் போகவே இல்ல. வண்டி ரிப்பேர், அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, வைவா தேதி கிட்ட வந்துடுச்சு. காரணம் எல்லாம் உண்மைதான். ஆனா அதுக்கு அப்புறம் நான் செஞ்சது வேற. மேப்ல அந்தப் பக்கம் வெறுமையா இருக்கு, முடிச்சுக் கொண்டு வான்னு கைடு சொன்னார். அவர் பொய்யா எழுதச் சொல்லல. நான்தான் பக்கத்துல இருக்கற ரெண்டு கிணத்தோட எண்ணைக் கூட்டி, ரெண்டால வகுத்து, அந்த ஆறு கட்டத்துலயும் நிரப்பினேன். கடைசி இலக்கத்தைக் கொஞ்சம் மாத்தினேன், நிஜமா அளந்த மாதிரி தெரியட்டும்னு.

அப்புறம் ஒரு ஜர்னல்ல பப்ளிஷ் பண்ணாத்தான் நோ டியூ கையெழுத்துன்னு எங்க காலேஜ்ல ஒரு விதி. மெயில்ல வந்த விளம்பரம் பார்த்து ஒரு "சர்வதேச" இதழுக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை அனுப்பினேன், புதன்கிழமை ஏத்துக்கிட்டாங்க. ரெண்டாயிரம் ரூபாய் கட்டினேன், வெள்ளிக்கிழமை இணையத்துல வந்துடுச்சு. பிடிஎஃப்ல ஒரு சான்றிதழ் வேற. கைடு பேரு முதல்ல, அப்புறம் துறைத்தலைவர் பேரு, மூணாவதா என் பேரு. துறைத்தலைவர் அந்தக் கட்டுரையைப் படிச்சிருப்பாரான்னே எனக்குச் சந்தேகம்.

அஞ்சு வருஷம் போச்சு. 2021-ல எங்க ஊர் அண்ணன் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். கையில ஒரு கவர். அவங்க தெருவுல போர்வெல் தண்ணி உப்பு கரிக்குது, குடிநீர்க் குழாய் நீட்டிக் கொடுங்கன்னு தெருக்காரங்க சேர்ந்து மனு போட்டிருக்காங்க. மனுவுக்கு வலு சேர்க்க யாரோ ஒரு காலேஜ் பையன் இணையத்துல தேடி, சோழவரம் தண்ணி பத்தின ஆராய்ச்சிக் கட்டுரை ஒண்ணை பிரின்ட் எடுத்து இணைச்சிருக்கான். அது என் கட்டுரை. பதில் கடிதத்துல, "தாங்கள் இணைத்துள்ள ஆய்வின்படியே மேற்படி பகுதியில் நீரின் உப்புத்தன்மை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது"ன்னு எழுதி முடிச்சுட்டாங்க.

அண்ணன் கோவப்படல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. "தம்பி, இது நீ எழுதினதுதானே? இதுல போட்டிருக்கற 21-ஆம் நம்பர் எங்க வீட்டு போர்வெல். எங்க வீட்டுக்கு நீ எப்ப வந்து தண்ணி எடுத்த?"ன்னு கேட்டார்.

எனக்கு அவர்கிட்ட சொல்றதுக்குப் பதில் இல்ல. ஆராய்ச்சி இதழ்களோட அறம் பத்தி நான் படிக்க ஆரம்பிச்சது அன்னைக்குத்தான். இந்த எபிசோட்ல சொல்லப்போறது அந்தப் படிப்புல கிடைச்சது.

ஜர்னல் எதுக்கு இருக்கு?

ஒருத்தர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சேன்னு சொல்றார். நாம எல்லாரும் போய் அதைத் திரும்ப அளந்து பார்க்க முடியாது. அதனால நமக்குப் பதிலா யாராவது பார்த்திருக்காங்கன்னு ஒரு நம்பிக்கை வேணும். அந்த நம்பிக்கைக்கான ஏற்பாடுதான் ஜர்னல். கட்டுரை வந்தா எடிட்டர் அதை அதே துறையில இருக்கற ரெண்டு மூணு பேருக்கு அனுப்புவார். அவங்க படிச்சு, "இந்த அளவீடு எப்படி எடுத்தீங்க, இந்த முடிவு இந்தத் தரவுல இருந்து வருமா"ன்னு குடைவாங்க. இதுக்குப் பேர்தான் பியர் ரிவ்யூ. மாசக்கணக்குல ஆகும். பெரும்பாலும் இந்த மதிப்பீட்டுக்குச் சம்பளம் கிடையாது.

இந்தச் சங்கிலியில ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொறுப்பு இருக்கு. எழுதறவர் உண்மையைத் தரணும். மதிப்பிடறவர் நேர்மையா படிக்கணும், படிச்சதை வெளியில விடக்கூடாது, "என் கட்டுரையையும் மேற்கோள் காட்டினாத்தான் ஓகே சொல்வேன்"னு பேரம் பேசக்கூடாது. எடிட்டர் காசுக்காகவோ தெரிஞ்சவங்களுக்காகவோ முடிவெடுக்கக்கூடாது. வெளியிடறவர் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லணும், தப்பு தெரிஞ்சா திருத்தணும். எடிட்டர்களும் பதிப்பகங்களும் இதுக்காக ஒரு அமைப்பு வச்சிருக்காங்க. 1997-ல பிரிட்டன்ல தொடங்கின 'கோப்', அதாவது வெளியீட்டு அறக் குழு. சிக்கல் வந்தா என்ன செய்யணும்னு படிப்படியான வழிகாட்டுதல் அவங்ககிட்ட இருக்கு.

என் கட்டுரை விஷயத்துல இந்தச் சங்கிலியில எத்தனை கண்ணி இருந்துச்சுன்னு பார்த்தேன். ஒண்ணுகூட இல்ல. திங்கள் அனுப்பி புதன் ஏத்துக்கிட்டா, நடுவுல செவ்வாய் மட்டும்தான்.

திருப்பதி: எழுபது கட்டுரைகள்

எண்ணை இட்டுக்கட்டறது என்னை மாதிரி மாணவர்கள் அவசரத்துல செய்ற தப்பு மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. எங்க ஊர்ல இருந்து ஜனப்பன்சத்திரம் போய், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியா போனா திருப்பதி. அங்க ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துல பி. சிரஞ்சீவின்னு ஒரு வேதியியல் பேராசிரியர். தண்ணி மாதிரியான சுற்றுச்சூழல் மாதிரிகள்ல ரொம்பச் சின்ன அளவுல இருக்கற உலோகங்களை எப்படி அளக்கறதுங்கறது அவர் துறை. 2000-களின் நடுவுல சில வருஷத்துக்குள்ள வந்த அவரோட கட்டுரைகள்ல சுமார் 70 கட்டுரைகள், 25 இதழ்கள்ல வந்தவை, திருடப்பட்டவை அல்லது இட்டுக்கட்டப்பட்டவைன்னு 2008-ல வெளிச்சத்துக்கு வந்துச்சு.

அதைப் பிடிச்சதுல முக்கியமானவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோட ஆர்லிங்டன் வளாகத்துல இருந்த வேதியியலாளர் பூர்ணேந்து தாஸ்குப்தா. ஏற்கெனவே வேற யாரோ எழுதின கட்டுரைகளோட இது ஒத்துப்போகுதேன்னு பார்த்து, இதழ்களை உஷார்படுத்தினார். கட்டுரைகள்ல பயன்படுத்தினதா எழுதியிருந்த சில கருவிகள் அந்தப் பல்கலைக்கழகத்துலயே இல்லைங்கறதும் தெரிய வந்துச்சு.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. முதல்ல, அந்த இதழ்கள் ரெண்டாயிரம் ரூபாய் இதழ்கள் இல்ல. பல இதழ்கள் பெரிய பதிப்பகங்களோடது, பியர் ரிவ்யூ உள்ளது. அதையும் தாண்டித்தான் போயிருக்கு. ரெண்டாவது, பிடிச்சது அதே பியர் ரிவ்யூ உலகத்துல இருந்த, கவனமா படிச்ச ஒரு ஆள்தான். மதிப்பிடறவர் தன் பொறுப்பை ஒழுங்கா செஞ்சா என்ன நடக்கும்ங்கறதுக்கு இது சாட்சி.

இன்னொண்ணும் இருக்கு. தண்ணியில உலோகம் எவ்வளவுன்னு அளக்கற முறையே பொய்யா இருந்தா, அந்த முறையை நம்பி அடுத்தவர் அளப்பார். அவர் அளந்ததை நம்பி ஒரு அலுவலகம் முடிவெடுக்கும். கடைசியில அந்தத் தண்ணியைக் குடிக்கறவர் அந்தக் கட்டுரையைப் பார்த்தே இருக்கமாட்டார். எங்க ஊர் அண்ணன் மாதிரி.

கடை விரிச்சவங்க

இப்ப என் ரெண்டாயிரம் ரூபாய் இதழுக்கு வருவோம். இந்த மாதிரி இதழ்களை ஆங்கிலத்துல வேட்டையாடும் இதழ்கள்னு அர்த்தம் வர்ற மாதிரி 'பிரிடேட்டரி ஜர்னல்'னு சொல்வாங்க. அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் பரவலாக்கின பேர். எழுதறவர்கிட்ட காசு வாங்கி, மதிப்பீடு செய்றதா சொல்லிட்டுச் செய்யாம அப்படியே போடறது. காசு வாங்கறது மட்டுமே குத்தம் இல்ல. நல்ல இதழ்கள்ல சிலதும் கட்டணம் வாங்குது, அப்பத்தான் படிக்கறவங்களுக்கு இலவசமா தர முடியும். குத்தம், செய்யாத வேலையைச் செஞ்சேன்னு சொல்றது.

2013-ல ஜான் போகனன்னு ஒரு பத்திரிகையாளர், 'சயின்ஸ்' இதழுக்காக ஒரு சோதனை செஞ்சார். பாசிப்பூஞ்சையில இருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய் செல்லைத் தடுக்குதுன்னு ஒரு போலிக் கட்டுரை. வேதியியல் தெரிஞ்ச யாரும் அஞ்சு நிமிஷத்துல பிடிக்கற அளவுக்குத் தப்பு வேணும்னே வச்சிருந்தார். 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏத்துக்கிச்சு. பாதிக்கு மேல.

ஹைதராபாத்ல இருந்து இயங்கின ஓமிக்ஸ் குழுமத்து மேல அமெரிக்க வணிக ஆணையம் 2016 ஆகஸ்ட்ல வழக்குப் போட்டுச்சு. மதிப்பீடு பத்திப் பொய் சொன்னாங்க, கட்டணத்தை மறைச்சாங்க, சம்மதம் கேக்காமலே அறிஞர்கள் பேரை மாநாட்டு விளம்பரத்துல போட்டாங்கன்னு குற்றச்சாட்டு. 2019 மார்ச்ல நீதிமன்றம் 5 கோடியே 1 லட்சம் டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு கொடுத்துச்சு. அன்னைய மதிப்புல ஏறத்தாழ 350 கோடி ரூபாய்.

இப்ப நீங்க கேக்கலாம்: நம்ம ஊர்ல இவ்வளவு கடை எப்படி வந்துச்சு? வாடிக்கையாளர் இருந்தாத்தானே கடை. வாடிக்கையாளரை உருவாக்கினது விதிகள். 2010-ல இருந்து யுஜிசி, ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைக்கு இத்தனை மதிப்பெண்னு ஒரு கணக்கு கொண்டு வந்துச்சு. 2016 விதிப்படி பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு இதழ்க் கட்டுரையாவது இருக்கணும். வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வகுப்பு எடுக்கற, ஆய்வகமே ஒழுங்கா இல்லாத ஒரு தனியார் காலேஜ் ஆசிரியர்கிட்ட வருஷத்துக்கு ரெண்டு கட்டுரை கேட்டா அவர் எங்க போவார்? புதன்கிழமை ஏத்துக்கற இதழுக்குத்தான்.

2017-ல யுஜிசி அங்கீகரிச்ச இதழ்கள்னு ஒரு பெரிய பட்டியல் வந்துச்சு, முப்பதாயிரத்துக்கு மேல. பூஷன் பட்வர்தனும் புனே பல்கலைக்கழகக் குழுவினரும் அதுல பல்கலைக்கழகங்கள் பரிந்துரைச்ச பகுதியை ஆராய்ஞ்சு, 2018-ல 'கரன்ட் சயின்ஸ்' இதழ்ல எழுதினாங்க. அந்தப் பகுதியில 88 சதவீதத்துக்கு மேல தரம் குறைஞ்சதா இருக்கலாம்னு அவங்க முடிவு. அதே வருஷம் மே மாசம் யுஜிசி 4,305 இதழ்களைப் பட்டியல்ல இருந்து நீக்குச்சு. அந்த 4,305-ல என் இதழும் ஒண்ணு. அதுவரைக்கும் அவங்க வலைத்தள முகப்புல "யுஜிசி அப்ரூவ்டு"ன்னு தங்க நிறத்துல மின்னிக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் 'கேர்' பட்டியல்னு ஒண்ணு 2019-ல வந்துச்சு. அதுல இருக்கற நல்ல இதழ்களோட பேர்லயே போலி வலைத்தளம் தொடங்கி காசு வாங்கற கூட்டமும் கூடவே வந்துச்சு. 2022 நவம்பர்ல பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயம்ங்கற விதியை யுஜிசி எடுத்துடுச்சு. 2025 பிப்ரவரியில கேர் பட்டியலையும் நிறுத்திட்டு, தரத்தை அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு பண்ணட்டும்னு விட்டுடுச்சு. அதாவது பொறுப்பு இப்ப நேரா காலேஜுக்கும் நமக்கும் வந்திருக்கு.

பெரிய கடையிலயும் பழுது உண்டு

சின்ன இதழ்னா போலி, பெரிய பதிப்பகம்னா பத்திரம்னு ஒரு கோடு போட முடியாது. ஹிண்டாவின்னு ஒரு பதிப்பகம், அமெரிக்காவின் வைலி நிறுவனம் 2021-ல வாங்கினது. கட்டுரை தயாரிச்சு விக்கற கும்பல்கள் உள்ள புகுந்து, மதிப்பீட்டையே போலியா நடத்தியிருக்காங்க. 2023-ல மட்டும் அந்தப் பதிப்பகம் 8,000-க்கு மேல கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

எங்க மாவட்டத்துப் பக்கத்துலயே ஒரு விவாதம் நடந்துச்சு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில இருக்கற சவீதா பல் மருத்துவக் கல்லூரி, தேசிய தரவரிசையில பல் மருத்துவத்துல முதல் இடம் வாங்கினது. 2023 ஜூன்ல 'சயின்ஸ்' இதழும் 'ரிட்ராக்ஷன் வாட்ச்' தளமும் சேர்ந்து ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. இளநிலை மாணவர்கள் தேர்வு மாதிரி உக்காந்து ஆய்வுக் கட்டுரை எழுதறாங்க, அந்தக் கட்டுரைகள் அதே கல்லூரியோட மற்ற கட்டுரைகளை அதிகமா மேற்கோள் காட்டுது, அதனால மேற்கோள் எண்ணிக்கை ஏறுதுன்னு அதுல எழுதியிருந்தாங்க. கல்லூரித் தரப்பு குற்றச்சாட்டை ஏத்துக்கல. யார் பக்கம் நியாயம்ங்கறதை விட எனக்கு இதுல தெரியற கேள்வி வேற: மேற்கோள் எண்ணிக்கையை வச்சு ரேங்க் கொடுத்தா, எல்லாரும் எண்ணிக்கையைத்தானே வளர்ப்பாங்க? 2025 தரவரிசையில இருந்து திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கற முறையைக் கொண்டு வந்திருக்காங்க. தாமதம்தான், ஆனா சரியான திசை.

சாஃப்ட்வேர் எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது?

காலேஜ்ல அறம்னு சொன்னா உடனே "பிளேஜியரிசம் எவ்வளவு பர்சன்ட்"னுதான் கேப்பாங்க. 2018 யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டனை இல்ல, அதுக்கு மேல 40, 60னு படிப்படியா தண்டனை. நல்லதுதான். ஆனா சாஃப்ட்வேர் வரியை ஒப்பிடும், கிணத்துக்கு வந்து தண்ணி எடுத்துப் பார்க்காது. என் கட்டுரையில ஒரு வரிகூடத் திருடினது இல்ல. நான் இட்டுக்கட்டின ஆறு எண்ணும் உலகத்துல வேற எங்கயும் கிடையாது. எந்தச் சாஃப்ட்வேரும் எனக்கு "ஒரிஜினல்"னுதான் சான்றிதழ் கொடுத்திருக்கும்.

அடுத்தது பேர் போடற விஷயம். மருத்துவ இதழ் எடிட்டர்களோட சர்வதேசக் குழு நாலு நிபந்தனை வச்சிருக்கு. ஆய்வுல கணிசமான பங்கு இருக்கணும், எழுதறதுலயோ திருத்தறதுலயோ பங்கு இருக்கணும், கடைசி வடிவத்தைப் படிச்சு ஒப்புதல் கொடுத்திருக்கணும், நாளைக்குக் கேள்வி வந்தா பதில் சொல்லப் பொறுப்பேத்துக்கணும். நாலும் இருந்தாத்தான் ஆசிரியர். எனக்கு நாலாவதுதான் முக்கியமா படுது. அந்த அண்ணன் கேள்வி கேட்டப்ப பதில் சொல்ல வேண்டியவங்க மூணு பேர். ஒருத்தர் ரிடையர் ஆகிட்டார், ஒருத்தர் படிக்கவே இல்ல. பேர் போட்டுக்கறது மரியாதைன்னு நாம நினைக்கறோம். அது ஜாமீன் கையெழுத்து மாதிரி. இதே காரணத்தாலதான் சாட்ஜிபிடி மாதிரி ஏஐ கருவியை ஆசிரியர்னு போடக்கூடாதுன்னு கோப் அமைப்பு சொல்லுது. அது உதவி செய்யலாம், ஆனா பதில் சொல்லப் பொறுப்பேத்துக்காது.

தப்பைத் திரும்ப எடுக்க முடியுமா?

முடியும். நல்ல இதழா இருந்தா. சின்னத் தப்புக்குத் திருத்தம் போடுவாங்க. சந்தேகம் இருந்தா, விசாரணை முடியறவரை ஒரு எச்சரிக்கைக் குறிப்பு போடுவாங்க. முடிவே நம்ப முடியாதபடி ஆயிடுச்சுன்னா ரிட்ராக்ஷன், அதாவது திரும்பப் பெறுதல். கட்டுரையை அழிக்கமாட்டாங்க. "திரும்பப் பெறப்பட்டது"ன்னு பெருசா முத்திரை குத்தி, ஏன்னு காரணம் எழுதி, அதே இடத்துல வச்சிருப்பாங்க. அப்பத்தான் அதை நம்பி எழுதினவங்களுக்கும் தெரியும்.

இது அவமானம்னு நினைக்க வேண்டியதில்ல. 2018-ல வேதியியல் நோபல் வாங்கின பிரான்சிஸ் அர்னால்ட், 2020 ஜனவரி தொடக்கத்துல தன்னோட கட்டுரை ஒண்ணைத் திரும்பப் பெற்றார். திரும்பச் செஞ்சு பார்த்தப்ப அதே முடிவு வரலைன்னு, தன் கவனக்குறைவை ஒத்துக்கிட்டு அவரே ட்விட்டர்ல எழுதினார். நோபல் வாங்கினவரே சொல்லும்போது நமக்கு என்ன கவுரவம் குறைஞ்சுடப் போகுது?

நானும் என் இதழுக்கு எழுதினேன். மெயில் திரும்பி வந்துடுச்சு. தளத்துல போட்டிருந்த போன் நம்பர் உபயோகத்துல இல்ல. எடிட்டர்னு போட்டிருந்த பேராசிரியரைத் தேடிப் பிடிச்சு எழுதினேன். "என் பேரை அவங்க என்கிட்ட கேக்காமலே போட்டிருக்காங்க, நானே எடுக்கச் சொல்லி ரெண்டு தடவை எழுதிட்டேன்"னு பதில் போட்டார். கட்டுரை மட்டும் இன்னும் அங்கதான் இருக்கு. தேடினா முதல் பக்கத்துல வருது. கட்டுரை போட ஆள் இருந்துச்சு, திருத்தம் போட ஆள் இல்ல. நல்ல இதழுக்கும் போலி இதழுக்கும் என்ன வித்தியாசம்னு யாராவது கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

அனுப்பறதுக்கு முன்னாடி

இப்ப படிச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்குச் சில விஷயம். வேகமா சொல்லிடறேன்.

ஐஎஸ்எஸ்என் எண் இருக்குன்னு நம்பாதீங்க. அது ஒரு பதிவு எண், வண்டி நம்பர் மாதிரி. வண்டி நல்லா ஓடுமான்னு அது சொல்லாது.

"ஸ்கோபஸ்ல இருக்கோம், கோப் உறுப்பினர்"னு இதழோட தளத்துல போட்டிருந்தா, அங்கயே நம்பாம ஸ்கோபஸ், கோப் தளத்துக்கே போய் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்க. அங்க கொடுத்திருக்கற வலை முகவரியும் நீங்க பார்க்கறதும் ஒண்ணான்னு பாருங்க. நகல் தளங்கள் இதுலதான் மாட்டும்.

எடிட்டர் குழுவுல ரெண்டு பேருக்கு மெயில் போடுங்க: "நீங்க நிஜமாவே இதுல இருக்கீங்களா?" நான் 2016-ல இதைச் செஞ்சிருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும்.

மூணு நாள்ல ஏத்துக்கறோம்னு வாக்கு கொடுத்தா விலகிடுங்க. பழைய கட்டுரைகள்ல நாலைப் படிச்சுப் பாருங்க. திருத்தம், திரும்பப் பெறுதல் பத்தி அவங்க தளத்துல கொள்கை இருக்கான்னு தேடுங்க. காசு இல்லாமலும் நல்ல வழி உண்டு. பெங்களூருவில சி.வி. ராமன் 1934-ல தொடங்கின இந்திய அறிவியல் அகாடமி பல துறைகள்ல இதழ் நடத்துது.

எல்லாத்துக்கும் மேல, அளக்காததை அளக்கலைன்னு எழுதுங்க. "24 திட்டமிட்டோம், 18 மட்டுமே எடுக்க முடிந்தது"ன்னு ஒரு வரி. அவ்வளவுதான். நல்ல எடிட்டர் அதுக்காகத் தள்ளமாட்டார்.

மறுபடியும் 24 கிணறு

அந்த அண்ணன் வந்த வாரமே மீட்டரை எடுத்துக்கிட்டு கிளம்பினேன். 24 கிணத்தையும் மறுபடி அளந்தேன், தப்பா நிரப்பின ஆறையும் சேர்த்து. முதல்ல அண்ணன் வீட்டு போர்வெல். நான் லிட்டருக்கு 800 மில்லிகிராம் பக்கமா எழுதி வச்சிருந்த இடம். மீட்டர் 2,000-ஐத் தாண்டிப் போச்சு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி கரைஞ்ச உப்பு 500 வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும். அதுக்கு மேல கூடாது. ஆறுல ரெண்டு கிணறு நான் எழுதினதுக்குக் கிட்ட இருந்துச்சு. நாலு ரொம்பத் தள்ளிப் போயிடுச்சு. அஞ்சு வருஷத்துல தண்ணி மாறியிருக்கலாம்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கலாம். ஆனா 2016-ல அங்க என்ன இருந்துச்சுன்னு இனி யாருக்கும் தெரியாது. தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியவன் நான்தான்.

புது அளவீட்டையும், பழைய கட்டுரையில எந்த ஆறு எண் பொய்ங்கறதையும் எழுதி, ஜெனோடோன்னு ஒரு பொதுக் களஞ்சியத்துல போட்டேன். அது இதழ் இல்ல, அங்க பியர் ரிவ்யூ கிடையாது. ஆனா என் பேரைத் தேடறவங்களுக்கு இதுவும் கண்ணுல படும். பழைய கைடுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "போட்டுடு, என் பேரையும் சேர்த்தே போட்டுடு"ன்னு சொன்னார்.

தெருக்காரங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்: இணைச்ச கட்டுரையில இந்த ஆறு எண்ணும் நான் அளந்தது இல்ல, அதை ஆதாரமா எடுத்துக்கக்கூடாது. அண்ணன் அதையும் புது ரிப்போர்ட்டையும் வச்சு மறுபடி மனு போட்டார். குழாய் வந்துச்சு, ஒன்றரை வருஷம் கழிச்சு. என் திருத்தத்தாலதான் வந்துச்சுன்னு சொல்லிக்க மாட்டேன், தெருக்காரங்க நடையா நடந்ததுதான் காரணம். ஆனா என் கட்டுரையால அவங்களுக்கு வீணாப்போன மாசங்கள் என் கணக்குல இருக்கு.

உங்க காலேஜ்ல யாராவது "சும்மா ஒரு பேப்பர் போட்டுடு, யார் படிக்கப்போறா"ன்னு சொன்னா, இந்தக் கதையைச் சொல்லுங்க. படிக்க ஒருத்தர் வருவார். அவர் வீட்டு போர்வெல் உங்க பட்டியல்ல 21-ஆம் நம்பரா இருக்கும்.